ஒரு சுற்றுப் பெரிய தொட்டி

தயிர் டப்பாவைக் கவிழ்த்து அடியில் தட்டினாள். மல்லிகைச் செடி மண்ணோடு கழன்று உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

உள்ளே இடமில்லாமல் வேர் வட்டம் போட்டிருந்தது.

வெள்ளை வேர். நல்ல வேர்.

நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். அவளால் முடியவில்லை.

இனி இதை டப்பாவில் வைக்க முடியாது. பால்கனியில் மூன்று தொட்டிகள் காலியாக இருந்தன. ஆறு அங்குலம், பத்து அங்குலம், அப்புறம் அந்தச் சிமெண்ட் தொட்டி. அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சூடு கண்ட பூனை.

செடி அவளுடையது இல்லை.

எதிர் வீட்டு சபுரா அக்காவுடையது. அக்காவின் வீட்டுக்காரர் இறப்பதற்கு முந்தின வாரம் தன் கையால் நட்டது.

மகளின் பிரசவத்துக்காக அக்கா கத்தார் போனபோது இவளை நம்பித்தான் விட்டுப்போனாள். மூன்று மாதம். தண்ணீர் ஊற்றினால் போதும் என்றாள்.

தண்ணீர் மட்டும் ஊற்றியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே!

ஐயோ பாவம், இத்தனை சின்னத் தொட்டியில் மூச்சு முட்டுமே என்று நினைத்தாள். அக்கா திரும்பி வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்ற ஆசை வேறு. சாண் உயரச் செடியைத் தூக்கி, குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம் போல் இருந்த சிமெண்ட் தொட்டியில் நட்டாள்.

இலை பழுத்தது. தாகம் என்று நினைத்தாள். இன்னும் ஊற்றினாள்.

பிடுங்கிப் பார்த்தபோது குப்பென்று நாற்றம் வந்தது. சுற்றிலும் அத்தனை மண், அத்தனை ஈரம். குடித்துத் தீர்க்க அந்தத் துளி வேரால் முடியவில்லை. ஊறி ஊறி அழுகிவிட்டது.

ஒரே ஒரு வேர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

ஒரு சுற்றுப் பெரிய தொட்டி போதுமே, யார் உங்களை இப்படிச் செய்யச் சொன்னது என்று நர்சரிக்காரர் திட்டினார். திட்டை வாங்கிக்கொண்டாள். கூடவே அதே உயரத்தில் இன்னொரு மல்லிகையும் வாங்கிக்கொண்டாள்.

அதை அக்காவின் பழைய தொட்டியில் நட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அக்கா போனில் கேட்டபோதெல்லாம், செடி ஜம்மென்று இருக்கிறது என்று சொன்ன வாய்தான் இது. ஊர் திரும்பிய அன்று அந்தத் தொட்டியை வாங்கிக்கொண்டு அக்கா இவளைக் கட்டிக்கொண்டாள். பேரீச்சம்பழம் கொடுத்தாள். இவள் அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள்.

பழைய செடி செத்துப்போயிருந்தாலாவது ஒருநாள் அழுது தீர்த்திருப்பாள். குப்பையில் போட மனம் வராமல் டப்பாவில் நட்டு சமையலறை ஜன்னலில் வைத்தது, பிழைத்துத் தொலைத்தது.

அந்த ஜன்னல் வழியாகத்தான் தினமும் காலையில் அக்காவின் குரல் கேட்கும். அக்கா செடியோடு பேசுவாள். பேரனுக்கு உங்க மூக்குதான் என்பாள். சக்கரை கூடிருச்சுன்னு டாக்டர் ஏசுறாரு என்பாள்.

நர்சரிச் செடியிடம்.

இவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். பிறகு, வெயில் வேண்டுமே என்று திறப்பாள்.

ஆறு அங்குலத் தொட்டியை எடுத்தாள். அடித்துளையின் மேல் ஓட்டுச்சில்லு வைத்தாள். மண் போட்டுச் செடியை இறக்கினாள். வேரைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தது. இந்த முறை அளவு கச்சிதம்.

கையைக்கூடக் கழுவவில்லை. தொட்டியை எடுத்துக்கொண்டு போய் எதிர் வீட்டு மணியை அழுத்தினாள்.

எப்படி ஆரம்பிப்பது, எதை முதலில் சொல்வது என்று நாலு நாளாக மனப்பாடம் செய்திருந்தாள். அக்கா கதவைத் திறந்ததும் எல்லாம் போயிற்று. உங்களுக்குத்தான் அக்கா என்று நீட்ட மட்டும் முடிந்தது.

அக்கா குனிந்து இலையைத் தடவிப் பார்த்தாள். சிரித்தாள். தொட்டியை வாங்காமல் இவள் பக்கமே மெல்லத் தள்ளினாள்.

"நல்லாருக்கு புள்ள. நீயே வெச்சுக்க. எனக்கு ஒண்ணு போதும். அவரு ஒருத்தருதானே."

அடுப்பில் பால் இருக்கிறது என்று கதவைச் சாத்தப் போனாள்.

இவள் மண் படிந்த கையைக் கதவில் வைத்துத் தடுத்தாள்.