பக்கவாட்டில் நின்றவர்

"வந்துட்டான் பாரு, உன் சுவத்துக்காரன்!" லாய்ஃபான் கணவனின் காதில் கிசுகிசுத்தாள்.

விங்கேய் நிமிர்ந்து பார்த்தான். ஷாம்ஷுய்போ கடைத்தெருவில் மூன்றாம் மாடியில் இருவருமாக நடத்தும் ஸ்பீக்கர் கடை அது. நாலாவது சனிக்கிழமையாக அந்த மனிதர் வந்திருந்தார். பெயர் மாக் என்று சொல்லியிருந்தார்.

கதவு மாதிரி ஆளுயரத்துக்கு நிற்கும் தட்டை ஸ்பீக்கர்கள்தான் கடையின் பெருமை. யார் வந்தாலும் எதிரே உள்ள சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். மாக் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில் போய் நிற்பார். பிறகு அடுத்த அறைக்குப் போய்ச் சுவரில் காதை ஒட்டிக்கொள்வார்.

"அந்த அறைக்கு அந்தாண்டை நகைப் பட்டறை இருக்கு. ஞாபகம் இருக்கா?" என்றாள் லாய்ஃபான்.

"திருடன் எவனாவது சனிக்கிழமை தவறாம சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வருவானா? போட்டிக் கடைக்காரன் அனுப்பின ஆளு."

மாக் அருகில் வந்தார். "பக்கத்துல நின்னா சத்தமே இல்லையே, ரிப்பேரா?"

"இல்ல சார். இது முன்னாடியும் பின்னாடியும்தான் பாடும். பக்கவாட்டுல அடங்கிடும்."

"ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு வாட்ஸ் போடணும்?"

"இருநூறாவது வேணும்."

"ஐம்பது போட்டா?"

"மெதுவாக் கேட்டா தேன் மாதிரி இருக்கும். ஏத்தினா திணறும், கரகரக்கும்."

"அப்போ இருநூறு போட்டா இஷ்டத்துக்கு ஏத்தலாம்?"

விங்கேய் குரலைத் தாழ்த்தினான். "அதுவும் முடியாது. உள்ளே இருக்கிறது மெல்லிய படலம். அளவு மீறினா சட்டத்துல மோதிப் படபடன்னு அடிக்கும். கேக்கிறவங்களே பயந்து குறைச்சிடுவாங்க."

"நிச்சயமா?" மாக்கின் முகம் மலர்ந்தது.

விங்கேய்க்குச் சுருக்கென்றது. சரக்கின் குறையைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை அவன் பார்த்ததே இல்லை. சட்டைப் பையில் போன் எதையாவது பதிவு செய்கிறதா என்று நோட்டம் விட்டான்.

"ஒரு ஜோடி குடுங்க. ஐம்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரோட."

லாய்ஃபான் விலாசத் தாளை நீட்டினாள். அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்ததும் அவள் குரல் உயர்ந்தது. "உங்க பேரு மாக்னு சொன்னீங்க. இதுல பேரு பூன்னு எழுதியிருக்கு?"

விங்கேய் நைசாக வாசலை மறித்து நின்றான்.

மாக் நெளிந்தார். "அது என் பக்கத்து வீட்டுக்காரர். பதினோரு வருஷமா அவரோட பெட்டி ஸ்பீக்கர் என் படுக்கையறைச் சுவரை இடிச்சுக்கிட்டே இருக்கு. கடைக் குலுக்கல்ல பரிசு விழுந்திருக்குன்னு சொல்லி இதைக் குடுத்துடுங்க. ஆனா பழசையெல்லாம் குடுத்தாத்தான் பரிசுன்னு கறாரா சொல்லிடுங்க!"