தலை இல்லாத பாடகர்

“ப்பா, இந்த ஆல்பத்துல நீ மைக் புடிச்சிக்கிட்டு நிக்கலன்னா, ஞாயித்துக்கிழமை என் ரிசப்ஷன்ல மேடைப் பக்கமே வரக்கூடாது. டீலா?”

“டீல்! நின்னா மூணு பாட்டு. நடுவுல எவனும் மைக்க ஆஃப் பண்ணக் கூடாது” என்றார் தணிகைவேல்.

அவர் பாடினால் என்ன ஆகும் என்று மகள் யாமினிக்குத் தெரியும். போன வருஷம் அத்தை வீட்டுக் காதுகுத்தில் அப்பா பாட எழுந்தார். முதல் சரணம் முடிவதற்குள் கூட்டம் மொத்தமும் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டது. இன்னும் சோறே வேகவில்லை என்று சமையல்காரர் கெஞ்சியும் ஒருத்தரும் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் மண்டபத்துக்கு மாப்பிள்ளை நரேஷின் ஆபீஸே திரண்டு வரப்போகிறது.

பாகூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் ‘இடிமுழக்கம் பாய்ஸ்’ என்று ஓர் ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது. பிளஸ் டூ படிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஊர் சுற்றிய பையன்கள் ஆரம்பித்தது. அதில் தான்தான் மெயின் சிங்கர் என்று தணிகைவேல் சொல்லாத நாளில்லை. ஒயர் சுருட்டியவர் என்று அவர் மனைவி விஜயகுமாரி திருத்தாத நாளுமில்லை. மடுகரையில் நடந்த விஜயகுமாரியின் அண்ணன் கல்யாணத்தில் அந்தக் குழுதான் கச்சேரி. அந்த ஆல்பத்தைத்தான் யாமினி மாமாவிடம் கேட்டிருந்தாள். தணிகைவேலே பைக்கில் போய் வாங்கி வந்தார்.

“கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. இன்னாத்துக்குடி இப்போ அந்தப் பழைய ஆல்பம்? தூசி பட்டா எனக்குத் தும்மல் வரும்” என்றாள் விஜயகுமாரி, காபியை நீட்டியபடி.

“நீ தும்மிக்கம்மா. இங்க என் மானம் போவுது.”

தணிகைவேல் காபியை வாங்கும் கையோடு, மனைவியின் கழுத்தில் தொங்கிய மூடி போட்ட டாலரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இது தினப்படி வழக்கம். உள்ளே இருப்பது விஜயகுமாரி வீட்டுக் குலசாமி ஐயனாரப்பன். திறந்தால் சாமி குத்தம் என்று சொல்லித்தான் அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“ஐயனாரப்பா, கைவுட்டுடாத” என்றார் தணிகைவேல்.

யாமினி ஆல்பத்தைப் புரட்டினாள். மாமா தாலி கட்டினார். மாமா வாயில் யாரோ லட்டைத் திணித்தார்கள். இரட்டைச் சடையோடு அம்மா, ஒரு போட்டோவிலும் கேமராவைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

கடைசிப் பக்கத்தில் கச்சேரி மேடை. சீரியல் பல்புக்கு அடியில், ஒரே துணியில் தைத்த பூப்போட்ட சட்டையோடு நாலு பேர். கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார் மூன்றுக்கும் முகம் இருந்தது; மூன்றும் அப்பா இல்லை. மைக் முன்னால் நின்றவனுக்குக் கழுத்து வரைக்கும் எல்லாம் இருந்தது. அதற்கு மேல் ஓர் ஓட்டை.

“நான்தான்!” என்று துள்ளினார் தணிகைவேல்.

“தலையே இல்லப்பா!”

“ஒடம்பப் பாருடி. அந்த ஸ்டைலு வேற எவனுக்கு வரும்?”

“எலி கடிச்சிருக்கும்” என்றாள் விஜயகுமாரி.

“எலி இவ்ளோ ரவுண்டாவா கடிக்கும்? கத்தரிக்கோல் போட்டு வெட்டியிருக்கு. ப்பா, வர்ற வழியில வண்டிய எங்க நிறுத்துன? நீதான வெட்டுன? பாடுனது ராஜேஷ்னு ஒருத்தராம், பிரெஞ்சு நேஷனாலிட்டி பொண்ணக் கட்டிக்கிட்டு பிரான்சுக்குப் போயிட்டாராம். மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு.”

“ராஜேஷா? அவன்தான்டி ஒயர் சுத்துனவன்! ஒங்க மாமன் அன்னிக்குத் தாலிய எங்க கட்டுறதுன்னே தெரியாம முழிச்சிக்கிட்டு நின்னான். அவன் பாட்டா கேட்டான்?”

“வெட்டுனது நீயா இல்லியா?”

“நான் வெட்டலடி!” என்றார் தணிகைவேல். ஊர்க்கதை ஆயிரம் அளப்பார். ஆனால் இதில் அவருக்கு உண்மையாகவே வலித்தது. நேராக மனைவியிடம் போனார். டாலரைப் பிடித்தார். “இந்தா, ஐயனாரப்பன் மேல சத்தியம். நான் வெட்டல.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். “அந்த மைக்ல பாடுனதும் நான்தான்!” என்று அதே சூட்டில் சேர்த்துக்கொண்டார்.

“ம்மா, சாமி மேலயே பொய்ச் சத்தியம் பண்றாரு! தெனம் ஒயரு ஒயருன்னு நீதான சொல்லுவ? அன்னிக்கு நீ அங்கதான இருந்த? பாடுனது யாருன்னு நீயே சொல்லு.”

விஜயகுமாரி மகளைப் பார்த்தாள். பெற்ற வயிறு, பாவமாகத்தான் இருந்தது.

“நான் இன்னாத்தடி கண்டேன்? பந்தியில தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். மனுஷன் சத்தியமே பண்ணிட்டாரு, அவராத்தான் இருக்கும். பாடட்டும் வுடு.”

“ம்மா! நீயுமா?”

தணிகைவேல் அதற்குள் கொல்லைப்பக்கம் போய்த் தொண்டையைச் செருமினார். கட்டிக்கிடந்த பசு திடுக்கிட்டு எழுந்து நின்றது. யாமினி நரேஷுக்கு எப்படி இதைச் சொல்வது என்று தெரியாமல் போனை வெறித்தாள்.

விஜயகுமாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். “பொறுத்துக்க சாமி” என்று முணுமுணுத்தபடி டாலரின் மூடியை நகத்தால் நெம்பினாள்.

உள்ளே, சுருட்டை முடியும் அரும்பு மீசையுமாக, வாயைப் பிளந்து பாடிக்கொண்டிருந்தான் ராஜேஷ்.