இடது தொடை

தங்கை குப்புறப் படுத்திருந்தாள். அவளுடைய இடது தொடையின் பின்பக்கத்தில் என் கட்டைவிரல் சட்டென்று நின்றது.

நூறு மீட்டர் இறுதிப் போட்டிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. மைதானத்துக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன அறையில் மசாஜ் மேசையும் எண்ணெய்க் குப்பியும் நாங்கள் இருவரும்தான்.

பதினோரு வருடமாக இந்தக் கால்களைப் பிடித்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் ஓட ஆரம்பித்தவள் நான். இவள் என் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? பதினாறு வயதில் என்னைத் தாண்டினாள். அதற்குப் பிறகு நான் யாரையும் தாண்டவில்லை.

அவள் பதக்கங்களை மாட்டச் சுவரில் இடம் போதவில்லை. என்னுடைய ஒரே பதக்கத்தை அம்மா கழற்றி அலமாரிக்குள் போட்டாள். எல்லாம் ஒரே வீட்டுப் பெருமைதானே என்று வேறு சமாதானம் சொன்னாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. மறைப்பானேன்?

போன வருடம் ஒரு அரையிறுதியில், வெயில் அதிகம், கொஞ்சம் அடக்கி ஓடு என்றேன். அடக்காமல் ஓடிச் சாதனை படைத்தாள். அக்காவுக்கு என்மேல் கொஞ்சம் பொறாமை என்று பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே அணியில் எல்லோருக்கும் சிரிப்புதான்.

விரலை மறுபடி அழுத்தினேன். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். சந்தேகமே இல்லை, தசை கிழியத் தொடங்கியிருந்தது. முழு வேகம் எடுத்தால் அறுபது மீட்டரைத் தாங்காது. முப்பது வயதில் அது அறுந்தால் அவள் ஓட்டம் அதோடு சரி.

“இன்னைக்கு ஓடாதடி. தசை கிழிய ஆரம்பிச்சிருக்கு. ஓடினா இதோட எல்லாம் போச்சு.”

அவள் தலையைத் திருப்பிச் சிரித்தாள். “ஆரம்பிச்சிட்டியா அக்கா? இன்னைக்குக்கூடவா?”

என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஐம்பது மீட்டர் வரை அவள்தான் முதலில் வந்தாள். பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் கையை விடவே இல்லை. நீ சொன்னாயே, பாவி நான்தான் கேட்கவில்லை என்று தேம்பித் தேம்பி அழுதாள். அணியில் எல்லோரும் வந்து என் தோளைத் தடவிவிட்டுப் போனார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் என்னைப் போல் ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்றார்.

பயிற்சியாளர் மட்டும் பக்கத்தில் வரவில்லை. தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடப்போகிறவளிடம் எதையும் சொல்லி மனதைக் குலைக்கக் கூடாது. கையில் ஏதாவது தட்டுப்பட்டால் நேரே அவரிடம்தான் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் முறை. யார் என்ன சிரித்தாலும் அவர் என் விரலை நம்புவார். நான் சொல்லி இதுவரை மூன்று முறை, மறுபேச்சில்லாமல் அவளைப் போட்டியிலிருந்து விலக்கியிருக்கிறார்.

அன்றைக்கும் அவர் அந்த அறைக்கு வெளியேதான் நின்றிருந்தார்.