குளிக்கும்போது எடுத்த படம்

பல் டாக்டருக்கு அந்த சினிமா ரசிகர் கூட்டத்தில் ஒரே ஓர் எரிச்சல்தான்: பேராசிரியர். எந்தப் படத்தைச் சொன்னாலும், "படம் பரவாயில்ல, நாவல் படிச்சவனுக்குத்தான் அதோட வலி தெரியும்" என்று மூக்கை நிமிர்த்துவார். அந்த மூக்கை உடைக்கவென்றே டாக்டர் இன்று காலை குளிக்கும்போது ஒரு படத்தைக் கற்பனையில் எடுத்து முடித்திருந்தார். அப்படி ஒரு படமும் கிடையாது, நாவலும் கிடையாது.

மாலையில் அவர் வீட்டுக் கூடத்தில் ஆளாளுக்குப் பிடித்த படங்களைச் சொல்லி அமளிதுமளிப்பட, டாக்டர் அப்பாவியாகக் கேட்டார்: "சார், அந்தக் கலங்கரை விளக்கக் காவல்காரன் படம் பார்த்திருக்கீங்களா? முழுக்கப் பாட்டாலயே கதை சொல்வாங்களே."

"பார்க்காம? நாவலையே ரெண்டு தடவ படிச்சவன் நான். அதுல அவன் திரும்பி வரமாட்டான். படத்துல வர வச்சுக் கெடுத்துட்டாங்க."

டாக்டருக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. குட்டைப் போட்டு உடைக்க வாயைத் திறந்தார்.

"அந்தப் படகுப் பாட்டு ஒண்ணு போதும்ப்பா" என்று கூட்டத்தில் இருந்த வக்கீல் முதலடியைப் பாடினார். சினிமா என்றாலே கொட்டாவி விடும் டாக்டரின் மனைவி, காபித் தட்டோடு வந்தவள், இரண்டாம் அடியைச் சுருதி பிசகாமல் பாடினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா இருக்கே கேள்வி. கல்யாணமான புதுசுல நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க? தேம்பித் தேம்பி அழுதீங்களே."

எல்லாரும் மூன்றாம் அடிக்காக டாக்டரைப் பார்த்தார்கள். அது தானாக அவர் வாயில் வந்தது. கண் கலங்கியது.

"நாவல்ல இந்தப் பாட்டே கிடையாது" என்றார் பேராசிரியர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.