எதிர்வாசல்

கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். வெளியே எடுத்தால் நடுங்கும்.

அரசு ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவின் பெஞ்சு.

எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவனுடைய ஆட்டோ ஸ்டாண்டு.

எத்தனையோ பேரை இந்த வாசலில் இறக்கிவிட்டிருக்கிறான். உள்ளே வந்ததில்லை.

“தளவாய்!”

நர்ஸ் சத்தமாகத்தான் கூப்பிட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் எழுந்தான். மனைவி முப்பிடாதியும் எழுந்தாள்.

முந்தின நாள் பாலத்தில் ஏறும்போது கை தடுமாறி, ஆட்டோ தடுப்புச்சுவரில் உரசிவிட்டது. பின் சீட்டில் ஒரு நிறைமாசக்காரி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளை வேறு ஆட்டோவில் ஏற்றிவிட்டான். தன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். சாவியை முப்பிடாதியிடம் நீட்டினான்.

“நான் கேட்டாலும் குடுக்காத.”

டாக்டர் சின்ன வயதுப் பெண். அவசரப்படாமல் கேட்டார்.

“தினமும் எவ்வளவு குடிப்பீங்க?”

இந்தக் கேள்விக்கென்று அவனிடம் ஒரு பதில் உண்டு. எப்பவாச்சும். உடம்பு வலிக்கு. கொஞ்சூண்டு.

அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

“காலைல எந்திரிச்சதும் ஒரு கட்டிங். அது இல்லன்னா ஹேண்டிலப் பிடிக்க முடியாது. மத்தியானம் ஒரு குவாட்டர். பொழுது சாஞ்சிட்டா கணக்குக் கிடையாது டாக்டர்.”

முப்பிடாதி அவனையே பார்த்தாள். காலைக் கட்டிங் அவளுக்கே தெரியாது.

“கடைசியா எப்போ?”

“இங்க வாறதுக்கு முன்னாடி. குடிக்காம வரணும்னுதான் நெனச்சேன். பயமா இருந்துச்சு.”

“என்ன பயம்?”

சொன்னான்.

போன கார்த்திகையில் மாலை போட்டான். போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்தினான். தூக்கம் போயிற்று. வேர்த்துக் கொட்டியது. சுவரில் இல்லாத எறும்புகளைத் தட்டித் தட்டி விட்டான். இரண்டாம் நாள், பூஜையில் நின்றவன் அப்படியே சாய்ந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம்.

சாமி குத்தம் என்றார்கள். இவனெல்லாம் மாலை போடலாமா என்றார்கள். குருசாமி மாலையைக் கழற்றினார்.

அன்றைக்கே மறுபடியும் குடித்தான். சாமிக்கே வேண்டாதவன், இனி யாருக்காக என்று குடித்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சாமி குத்தமெல்லாம் இல்லைங்க. வருஷக்கணக்கா தினமும் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்தாகும். உங்க எண்ணம் நல்ல எண்ணம்தான். கூட ஆள் இல்லாம செஞ்சீங்க, அவ்வளவுதான். இந்தத் தடவை நாங்க இருக்கோம். வார்டுல சேருங்க. ஊசி, மாத்திரை எல்லாம் குடுத்து, பக்கத்துலயே இருந்து பாத்துக்கறோம்.”

தளவாய் முப்பிடாதியைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்போ இவங்க மேல தப்பு இல்லையா டாக்டர்?” முப்பிடாதிதான் கேட்டாள்.

“நிறுத்தணும்னு நெனச்சதுல என்னங்க தப்பு?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வார்டில் ரோட்டோர ஜன்னல் பக்கமாகக் கட்டில் கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். மாத்திரையை நர்ஸ் நின்று விழுங்கவைத்துவிட்டுப் போனாள்.

முப்பிடாதியின் பையில் போன் அடித்தது. லூர்துராஜ். ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரன். குடியிலும் கூட்டாளி.

தளவாய் வண்டி எடுக்காத நாட்களில் பதில் சொல்வது அவள் வேலை. காய்ச்சல். வயிற்றுப்போக்கு. மாமன் வீட்டு விசேஷம். யோசிக்காமலே வாயில் வந்துவிடும்.

“காய்ச்சல்னு சொல்லட்டா?”

“இங்க குடு.”

கை நடுங்கியதில் போன் நழுவப் பார்த்தது. அவளே அவன் காதில் வைத்துப் பிடித்தாள்.

“ஏல, எங்க இருக்க? வண்டியக் காணோம்?”

“எதுத்தாப்புலதான் இருக்கேன். ஆஸ்பத்திரில. குடிய விடுததுக்குச் சேந்திருக்கேன்.”

வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் புரண்டு பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தான்.

முப்பிடாதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியாகவும் போன் வழியாகவும் ஒன்றாகக் கேட்டது.

லூர்துராஜ் சிரிப்பான் என்று தளவாய் காத்திருந்தான்.

“அங்க டாக்டரு...” குரல் தணிந்திருந்தது. “நாளைக்கும் இருப்பாங்களால?”

தளவாய் தலையணையை விட்டு எழுந்து உட்கார்ந்தான்.

“இருப்பாங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. வீறாப்புல நீயா இன்னைக்கே நிறுத்திராத. மொதல்ல இங்க வா. உள்ளத உள்ளபடி சொல்லு. மத்தத அவங்க பாத்துக்கிடுவாங்க.”

“நீ இருப்பியா?”

“இங்கனதான் இருப்பேன்.”

முப்பிடாதிக்குக் கை வலித்திருக்க வேண்டும். போனை மறு கைக்கு மாற்றி, அவன் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.