ஆறாவது குழாய்

"ஐஸ்! இன்னொரு வாளி ஐஸ் கொண்டா, சீக்கிரம்!"

கவுண்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி அக்கா கத்தினாள்.

தம்பி ஓடினான். ஓடி வந்த வேகத்தில் பாதி ஐஸ் தரையில்.

பீர் வரும் ரப்பர் குழாயை வளையம் வளையமாகச் சுருட்டி, வாளிக்குள் அமுக்கினாள். விரல்கள் மரத்துப்போயின.

மேலே, பார் முதலாளி பிடித்துப் பார்த்த முதல் கிளாஸ் முழுக்க நுரை. இரண்டாவதும் நுரை.

"பீர் காய்ச்சினீங்களா, சோப்பு காய்ச்சினீங்களா மேடம்?"

கேட்டவர் பெரிய பீர் கம்பெனியின் விற்பனை அதிகாரி. கழுத்தில் டை. டையில் தங்க நங்கூரம். கம்பெனி சின்னம்.

அதே நங்கூரம், நேற்று அவர்கள் இலவசமாக இறக்கிவிட்டுப் போன ஃபிரிட்ஜின் மேலும் இருந்தது. அந்த ஃபிரிட்ஜின் முதுகு, அவளுடைய ரப்பர் குழாயின் மேல் அனலாக ஊதிக்கொண்டிருந்தது. குழாய் சூடேறினால் எந்த பீரும் நுரைக்கத்தான் செய்யும்.

வேண்டுமென்றே வைத்தார்களா? கேட்க நேரமில்லை.

பாரில் பீர் பிடிக்கும் குழாய்கள் ஆறு. ஐந்து கம்பெனிக்கு. ஆறாவது அவளுக்கு.

ஒரு தகரக் கொட்டகையில் அக்காவும் தம்பியும் காய்ச்சும் பீருக்கு, ஊரில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மற்ற பார்களுக்கெல்லாம் இலவச ஃபிரிட்ஜ் வந்தது, இலவச விளக்குப் பலகை வந்தது, அவள் குழாய் போனது.

இந்த முதலாளிக்கு மட்டும் கொஞ்சம் மனசாட்சி உறுத்தியது. "ஆளுக்கொரு புதுப் பீப்பாய் மாட்டுங்க. எது முதல்ல காலியாகுதோ, ஆறாவது குழாய் அவங்களுக்கு. அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

தோற்றால் கொட்டகைக்குப் பூட்டு.

முதலாளி மூன்றாவது கிளாஸைப் பிடித்தார். செம்பொன் நிறம். மேலே இரண்டு விரல் நுரை, கச்சிதம்.

டைக்காரர் அசரவில்லை. ஆறாவது குழாயின் தலையில் மாட்டவென்று கொண்டுவந்திருந்த நங்கூர வில்லையைப் பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்தார். குரலை உயர்த்தினார்.

"எங்க புது பீர், ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்!"

கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

தம்பி காதருகே வந்தான். "அக்கா, நம்ம பசங்களை வரச் சொல்லவா? மாமா ஒருத்தர் வந்தா போதும், பாதி பீப்பாய் காலி."

"நம்ம ஆளுங்க குடிச்சுத் தீர்த்தா அது விக்கிறதாடா? சிங்க்ல ஊத்துறதும் அதுவும் ஒண்ணுதான். உங்க மாமா இந்தப் பக்கம் வந்தாருன்னா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன், சொல்லிடு."

"விலையையாவது குறையேன்."

"அவங்களுக்கு பார்லி மால்ட் லாரியில வருது. நமக்கு மூட்டையில வருது. இன்னைக்குக் குறைச்சா நாளைக்குக் காய்ச்ச முடியாது. போய் ஐஸ் கொண்டா."

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குழாயடியில் தானே நின்றாள்.

அப்போதுதான் கதவு திறந்தது.

நான்கு ஆண்கள். நால்வரும் மழைக்கோட்டு. கழுத்துவரை பொத்தான். வெளியே சுள்ளென்று மாலை வெயில்.

டைக்காரரைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, விறுவிறுவென்று மூலை மேஜைக்குப் போனார்கள்.

"ஆறாவதுல நாலு" என்றது ஒரு மெல்லிய குரல்.

கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார்கள். மூக்கை உள்ளே விட்டார்கள். முதல் வாயை விழுங்காமல், கண்ணை மூடி வைத்திருந்தார்கள். பிறகு தங்களுக்குள் ஏதோ கிசுகிசுப்பாகச் சண்டை போட்டார்கள்.

"யாருக்கா இவனுங்க? வைரம் வாங்க வந்தவன் மாதிரி பார்க்கிறானுங்க. வேர்த்து ஊத்துது, கோட்டைக் கழட்ட மாட்டேங்கிறானுங்க."

"வாயை மூடிட்டு கிளாஸைக் கழுவு."

டைக்காரர் இலவச கிளாஸ்களோடு அந்த மேஜைக்கே போனார். நால்வருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினார்கள்.

இலவசத்தை வேண்டாம் என்பவர்களை ஊர் சும்மா விடுமா? பக்கத்து மேஜை எட்டிப் பார்த்தது. "அவங்க குடிக்கிறது எது? எங்களுக்கும் அதையே குடுங்க."

மறுபடி கதவு. இன்னும் சில மழைக்கோட்டுகள்.

அவள் பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் டைக்காரர், தானே இரண்டு கைகளிலும் கிளாஸைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தார்.

திடீரென்று ஒரு குழாய் இருமியது. புஸ்ஸென்று நுரை. பிறகு வெறும் காற்று.

எல்லாத் தலையும் கவுண்டர் பக்கம் திரும்பியது.

முதலாளி குனிந்து, கையால் பீப்பாயைத் தட்டினார். டங்கென்றது. வெற்றுப் பீப்பாய்.

அவளுடையது.

முதலாளி நங்கூர வில்லையை எடுத்து டைக்காரரின் கையில் வைத்தார். "பத்திரமா எடுத்துட்டுப் போங்க சார்."

"நியாயமா விளையாடினது எங்க தப்பு" என்று பல்லைக் கடித்தார் டைக்காரர். "நாங்களும் எங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வந்திருக்கணும்."

கதவு அறைந்து மூடியது.

மூலை மேஜை மொத்தமும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது. அதில் மூத்தவர் காலி கிளாஸோடு எழுந்து வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"நாளைக்கும் இருக்கும்ல, தங்கச்சி? ஷிஃப்ட் முடிஞ்சா நேரா இங்கதான்."

"இருக்கும்ணே." அவள் அடுத்த பீப்பாயை உருட்டத் தொடங்கியிருந்தாள்.

"அப்பாடா" என்று அவர் மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

உள்ளே நீலச் சீருடை. சட்டைப் பையின் மேல், தங்க நூலில் ஒரு நங்கூரம்.