மூன்றாவது டம்ளர்

"நாக்குல வைக்கக் கூடாதுங்கக்கா. துணியையும் அவுக்கக் கூடாது. மோந்து மட்டும் சொல்லுங்க."

தனுஜா மூன்று எவர்சில்வர் டம்ளர்களை மேசையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணி கட்டி வைப்பாள் என்று காளியாயி நினைக்கவேயில்லை.

வட்டகொடை ஸ்டேசனுக்குக் கீழே, நஸார் முதலாளியின் பழைய ஸ்டோரில்தான் இந்தத் தொழில் நடந்தது. ஓடையோரத்து நீர்ப்புதினாவை அறுத்து வந்து, இலையை ஊறவைத்து, சாறு இறக்கி, கேனில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கே அது முகத்துக்குப் பூசும் கிரீமிலும், வாயில் போடும் மிட்டாயிலும் போய்ச் சேரும்.

எது நல்ல சாறு, எது கெட்டது என்று மோந்து சொல்வது காளியாயியின் வேலை. மேல் ஓடைப் புதினாவா, கீழ் ஓடைப் புதினாவா என்பதைக்கூட மூடியைத் திறந்த கையோடு சொல்லிவிடுவாள். மெசின் பொய் சொன்னாலும் காளியாயி மூக்கு பொய் சொல்லாது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

அதெல்லாம் போன ஐப்பசி வரைக்கும்.

ஐப்பசியில் வந்த காய்ச்சல் அவள் புருசன் அழகனைக் கொண்டுபோனது. அவளை விட்டுவைத்தது, மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டது. காரியம் முடிந்த அன்று அழகனின் சட்டையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். பீடியும் வேர்வையுமாக மணக்கும் சட்டை. அன்றைக்கு வெறும் துணியாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலை போய்விடும். தேயிலை மலைக்குத்தான் திரும்ப வேண்டும். வீங்கிய முழங்காலோடு அந்தச் சரிவில் பத்து நாள்கூட நிற்க முடியாது. அதனால் சாற்றின் நிறத்தைப் பார்த்தாள். யாரும் கவனிக்காத நேரத்தில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். தொண்டை குளிர்ந்தால் நல்லது என்றாள். அப்படியே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

போன வாரம் கொழும்பிலிருந்து ஒரு கேன் திரும்பி வந்தது. பூசண வாடை அடிக்கிறதாம். அவள் நல்லது என்று சொல்லி அனுப்பிய கேன். முதலாளி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பட்டதாரிப் பெண் தனுஜாவைக் கூப்பிட்டு, காளியாயியின் மூக்கைச் சோதித்து எழுத்தில் தரச் சொல்லிவிட்டார்.

பக்கத்து அறையில் இலை கழுவிக்கொண்டிருந்த அழகம்மா எட்டிப் பார்த்தாள்.

"பரிச்சையாக்கா? பெயிலாயிட்டா கவலப்படாதீங்க. மலையில கொழுந்துக் கூடை சும்மாதான் கெடக்கு."

காளியாயி சிரிக்க முயன்றாள். வாய் கோணியது.

இரண்டு டம்ளரில் நல்ல சாறு, ஒன்றில் மட்டும் திரும்பி வந்த சாறு, எது கெட்டது என்று சொன்னால் போதும் என்றாள் தனுஜா. எப்போதும் போல முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே பேசினாள்.

காளியாயி முதல் டம்ளரைத் தூக்கினாள். ஒன்றும் இல்லை. இரண்டாவது. ஒன்றும் இல்லை. மூன்றாவதை மூக்கோடு ஒட்டவைத்து இழுத்தாள். குளிர்ந்த காற்றுதான் ஏறியது. பின்பக்கத்துப் பீலிக் குழாயில் மலை ஊற்றுத் தண்ணீர் கொட்டும் சத்தம் காதில் விழுந்தது. இனி அந்தப் பிள்ளையின் முகம்தான் வழி. இரண்டாவது டம்ளரைத் திரும்ப எடுத்தபோது தனுஜாவின் விரல் பேனாவை இறுக்கிப் பிடித்தது போலிருந்தது.

"ரெண்டாவது, மிஸ்."

தனுஜா எழுதவில்லை. பேனாவை மேசையில் வைத்தாள்.

"அவசரமில்லங்கக்கா. நல்லா மோந்து பாருங்க. வேற ஏதாவது தோணுதா? எதுன்னாலும் சொல்லலாம்."

தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று காளியாயிக்குப் புரிந்தது. மூன்றாவது டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல மிஸ். மூணாவது. அதுலதான் பூசண வாடை. மத்த ரெண்டும் நல்ல வாசம், ஆளையே தூக்குது."

தனுஜா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மூடுபனியைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு திரும்பி, முதல் தடவையாகக் காளியாயியின் முகத்தைப் பார்த்தாள்.

"மூணாவதுதாங்கக்கா. சரியாச் சொல்லிட்டீங்க."

தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுந்தவள் கதவருகே நின்றாள்.

"இனிமே கேன் மூடுறதுக்கு முந்தி என்னையும் கூப்புடுங்க. ரெண்டு பேருமாச் சேந்து பாப்போம்."

படித்த பிள்ளைக்கும் தொழில் கற்றுக்கொள்ள ஆசை போலிருக்கிறது என்று காளியாயி நினைத்துக்கொண்டாள். தனுஜா டம்ளர்களைக்கூட எடுக்காமல், தாளோடு முன்னறைக்குப் போய்விட்டாள்.

காளியாயி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பாசாயிட்டேன்டி, அழகம்மா."

"அப்பிடி என்னா நாத்தம்னு நானும் பாக்குறேன்" என்று அழகம்மா ஈரக்கையோடு வந்து மூன்றாவது டம்ளரின் துணியை அவிழ்த்தாள். மோந்தாள். மற்ற இரண்டையும் அவிழ்த்து மோந்தாள். பிறகு மூன்றாவதில் ஒரு மடக்குக் குடித்தாள்.

"என்னாக்கா, மூணுலயும் வெறும் பீலித் தண்ணியில்ல இருக்கு."

முன்னறையில் தனுஜா முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது: "சந்தேகமே வேணாங்க முதலாளி, காளியாயி அக்கா மூக்குக்கு ஒண்ணும் இல்ல."